இது யார் நாய் என்று கேட்டார்கள்

1

போன கிழமை மிருக வைத்தியரின் இடத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. பெஸ்ஸுக்கு வருடத் தடுப்பூசி போடும் நேரம் வந்துவிட்டதாம்.

பெஸ் எங்கள் நாய். சட்டப்படி எங்கள் நாய். அப்படி ஆகி ஒரு வருடம் முடிந்திருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். நாய்க்கு என்ன சட்டம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு சரி.

நான் ஹல்துமுல்லைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. என் மனைவி பாக்கியம் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. வயதானவர்கள் இருக்கும் விடுதியில் சமைக்கிறாள். மகள் ஷாலினி இங்கே பிறந்தவள். துணிக்கடையில் வேலை செய்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீடு அப்படி ஓடுகிறது.

பெஸ் முதலில் பக்கத்து வீட்டு ஹரால்டின் நாய். அவர் தனி ஆள். பனி கொட்டினால் என் வாசலோடு அவர் வாசலையும் வழிப்பேன். மண்வெட்டியைக் கையில் எடுத்தால் பாதியில் நிறுத்த எனக்குத் தெரியாது. அவரும் நானும் அதிகம் பேசியதில்லை. எனக்கு ஆங்கிலம் குறைவு. அவருக்குப் பேச்சே குறைவு. அதனால் நன்றாக ஒத்துப்போனது.

அவருக்கு முடியாமல் போனபோது விடுதிக்குக் கூட்டிப்போக ஒரு கார் வந்தது. அங்கே நாய் கொண்டுபோக முடியாது. அவர் நடுத்தெருவில் நின்று நாய்க் கயிற்றை என் கையில் வைத்தார். இனி இது உன்னுடையது என்றார். நான் ஓகே என்றேன். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெஸ் எங்கள் வீட்டில் சோறு தின்னப் பழகியது. ஷாலினி கடையில் விற்கும் நாய்த்தீனி வாங்கி வந்தாள். பெஸ் அதை முகர்ந்து பார்த்துவிட்டு பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தது. அதோடு சரி. பருப்பு, எலும்பு, கருவாட்டுத் தலை.

ஒரே ஒரு தொல்லை. எதிர்வீட்டு பாட். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெண். வாசலில் பூப்பாத்தி வைத்திருக்கிறாள். பெஸ்ஸுக்கு அந்தப் பாத்தியைக் கண்டால் கால் சும்மா இருக்காது, தோண்டும். பாட் கதவைத் தட்டித் திட்டுவாள். நான் சொரி என்பேன். மண்ணைச் சரிசெய்து கொடுப்பேன். மறுபடியும் தோண்டும்.

போன வருடம் ஒரு நாள் பெஸ்ஸைக் குளிப்பாட்டி, கழுத்துப் பட்டியைக் கழற்றிக் காய வைத்திருந்தோம். கதவு திறந்திருந்தது. நேராகப் பாத்திக்குப் போய்விட்டது. பாட் இந்த முறை என்னிடம் வரவில்லை. கவுன்சிலுக்குப் போன் போட்டுவிட்டாள். கவுன்சில் என்றால் நம் பிரதேச சபை போல. அவர்கள் வேன் அனுப்பி நாயை ஏற்றினார்கள். பட்டி இல்லாமல் தெருவில் நின்றால் அது தெருநாய்க் கணக்கு.

பிறகு என் கதவைத் தட்டினார்கள். இளம் ஆள். கவுன்சில் உடுப்பு, கழுத்தில் அட்டை, கையில் பேனா.

"இது உங்கள் நாயா?"

வேன் கண்ணாடியில் பெஸ்ஸின் இரண்டு காதும் தெரிந்தன.

"நோ சேர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது. அவர் இன்னொரு தரம் கேட்டார்.

"நொட் மை டோக் சேர்."

எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். வேன் போய்விட்டது.

2

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தோட்டத்தைத் தெரிய வேண்டும்.

லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், நாய் வளர்க்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. எங்கே எழுதியிருந்தது என்று தெரியாது. எழுதியிருந்தாலும் எங்களில் யார் வாசிப்பது. பங்களாவில் தோட்டத்தை நடத்தும் தொரை நாய் வைத்திருக்கலாம். லயத்தில் ஆள் வைத்திருந்தால் ஆளுக்கு வேலை கிடையாது, நாய்க்குத் துவக்குச் சூடு. ஆனால் நாய் இல்லாமல் முடியாது. காட்டுப்பன்றி வந்து கிழங்குப் பாத்தி முழுவதையும் உழுதுவிட்டுப் போகும். அதனால் எல்லா லயத்திலும் நாய் இருந்தது. எந்த நாய்க்கும் சொந்தக்காரன் இருக்கவில்லை.

என் அப்பா பெயர் மருதை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய நாய் டைகர். வரி போட்ட உடம்பு, ஒரு காது பாதி. பன்றி கடித்தது.

தொரைக்கு அடுத்த ஆள் சின்னதொரை. அவர் லயம் பார்க்க வருகிறார் என்றால் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூவிவிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. நாய்களைப் பிடித்து, லயத்துக்கு மேலே மரத்தடியில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போவோம். திருநீறு அள்ளி ஒவ்வொரு நாயின் நெற்றியிலும் மூன்று கோடு போடுவோம். நடுவில் குங்குமம். அவ்வளவுதான். இனி அது சாமி நாய். முனியாண்டி நாயைச் சுட எந்தக் காவல்காரனும் துவக்கைத் தூக்கமாட்டான். சின்னதொரைக்கு முனியாண்டி மேல் பயம் இல்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் வராமல் போய்விடுவார்கள், வேலை நின்றுவிடும் என்ற பயம் இருந்தது.

ஒருமுறை டைகர் மாரிமுத்து மாமாவின் அடைக்கோழியைத் தின்றுவிட்டது. மாமா லயமே கேட்கக் கத்தினார்.

"வரட்டும்டா சின்னதொரை. இது மருதை நாய்னு நானே காட்டிக் குடுக்கல, என் பேர மாத்தி வச்சுக்க!"

அந்தக் கிழமையே சின்னதொரை வந்தார். நாங்கள் திருநீறு பூசி முடித்திருந்தோம். டைகர் மூன்று கோட்டோடு கோயிலில் இருந்து இறங்கி வந்து, எல்லோரையும் விட்டுவிட்டு, அப்பாவின் காலின் மேலேயே உட்கார்ந்தது.

"யார் நாய் இது?" சின்னதொரை அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தெரியாதுங்க."

"ஒன் கால்ல குந்திக்கிட்டு இருக்கு, தெரியாதா?"

"இதோட சூட்டுல கால் எரியுதுங்க. வெரட்டுனாலும் போகுதில்ல."

சின்னதொரை சுற்றிப் பார்த்தார். மாரிமுத்து மாமா கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக நின்றிருந்தார். கோழிக்காக அவர் கத்தியது தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் எட்டியிருந்தது.

"மாரிமுத்து, நீ சொல்லு. யார் நாய்?"



"சாமி நாய்ங்க தொரை" என்றார் மாமா. "முந்தாநாள் எங்க வூட்டு கோழியக்கூட சாமிக்குத்தான் தூக்கிட்டுப் போச்சு."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னதொரை மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார்.

சத்தம் மறையும் வரை மாமா அப்படியே நின்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"மருதை, கோழிய மறந்துட்டேன்னு மட்டும் நெனைக்காத."

"நெனைக்கல மச்சான்."

அன்றைக்கே அப்பா எங்கள் பெட்டைக் கோழியைக் கொண்டுபோய் மாமாவின் கூட்டில் விட்டார்.

எங்கள் ஆட்களைப் பற்றி வெளியே என்னென்னவோ சொல்வார்கள். பாவம் என்பார்கள். நான் இந்தக் கதையைத்தான் நினைப்பேன். கோழியை இழந்தவனும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த லயத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எங்கேயும் வெட்கம் இருந்ததில்லை.

ஆனால் ஒன்று உண்டு. வெளியாள் முன்னால் அப்பா எதையாவது என்னுடையது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை, காம்பரா என்போம், அது தோட்டத்துடையது. பாத்தி போட்ட மண் தோட்டத்துடையது. நாய் சாமியுடையது.

3

வேன் போன பிறகு பாக்கியம் குசினியில் இருந்து கேட்டாள்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"நம்ம நாய்னு சொல்லிப்புடலியே?"

"சொல்லல."

"நல்லதாப் போச்சு."

இங்கே முனியாண்டி கோயில் இல்லை என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பாக்கியம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என்னாங்க பண்ணிட்டோம்?" என்றாள். அவளும் தோட்டம்தானே. கதவைத் திறந்தது அவளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஷாலினி வேலை முடிந்து வந்து, "பெஸ் எங்க?" என்றாள். சொன்னேன்.

"ஒங்க நாயான்னு கேட்டாங்க. நீங்க இல்லேன்னு சொன்னீங்க. ஏம்ப்பா?"

கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வரும்.

பாக்கியம்தான் டைகர் கதையைச் சொன்னாள். நான் எப்போதோ அவளுக்குச் சொன்னது. கோழி இடத்தில் கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். ஷாலினி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். தோட்டம் என்றால் அவளுக்குக் குளிர், அட்டைக்கடி, கஷ்டம். அதற்கு மேல் அவள் கேட்டதும் இல்லை, நாங்கள் சொன்னதும் இல்லை.

"அந்த மாரிமுத்து தாத்தா இன்னும் இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்காரு. காது கேக்காது."

அங்கே இருக்கும் ஒரு மனிதனைப் பெயர் சொல்லி அவள் விசாரித்தது அதுதான் முதல் தரம்.

பிறகு போனை எடுத்தாள். கேட்டுச் சொன்னாள். இங்கே சட்டம் இப்படி. பிடித்த நாயை ஒரு வாரம் வைத்திருப்பார்கள். சொந்தக்காரன் வராவிட்டால் வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்டும் பயன் இல்லை. அநியாயச் சட்டம் என்று சொல்லமாட்டேன். கேட்டபோது இல்லை என்று சொன்னவன் நான்.

4

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஷாலினியோடு கவுன்சில் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நல்ல மாதிரி. நிதானமாகச் சொன்னார். ஷாலினி எனக்குத் தமிழில் சொன்னாள்.

சட்டத்தின் கண்ணுக்கு நாய் ஒரு சாமான், நாற்காலி போல. நாயின் தோலுக்கடியில் அரிசியளவில் ஒரு சிப் வைத்திருக்கிறார்கள். அதில் ஹரால்டின் பெயர் இருக்கிறது. ஆள் மாறினால் பெயரையும் மாற்ற வேண்டுமாம். தோலுக்குள் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும். ஆனால் சிப்பில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிடவும் மாட்டார். நாயைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று மட்டும்தான் அது சொல்லும்.

ஹரால்ட் உயிரோடு இருந்தபோது தன் கையால் கொடுத்திருந்தால் அது செல்லும். வாய்ப்பேச்சு போதும். ஆனால் அதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும்.

"வைத்தியரிடம் போன துண்டுச் சீட்டு?"

போகவில்லை.

"தீனி வாங்கிய ரசீது?"

சோற்றுக்கு ரசீது ஏது.

ஷாலினி போனில் இருந்த படங்களைக் காட்டினாள். அந்த அம்மா பார்த்தார். "நாயோடு யாரும் படம் எடுக்கலாம்" என்றார்.

"அப்பாவைப் பார்த்தால் வாலை ஆட்டும். கூட்டி வந்து பாருங்கள்" என்றாள் ஷாலினி ஆங்கிலத்தில்.

"காலையில் எனக்கும் ஆட்டியது" என்றார் அவர். "அதோடு உங்கள் அப்பா தன் நாய் இல்லை என்று இரண்டு தரம் சொன்னதாக இங்கே பதிந்திருக்கிறது."

நான் ஒன்றுதான் கேட்டேன். சாப்பிடுகிறதா?

அவர் என்னைப் பார்த்தார். "அவ்வளவாக இல்லை" என்றார்.

வெளியே வந்தோம். ஹரால்ட் கயிறு கொடுத்ததை யார் பார்த்தது என்று ஷாலினி கேட்டாள். நினைத்துப் பார்த்தேன். எதிரே ஒருத்தி பூவாளியோடு நின்றாள். பாட்.

வீட்டில் சொன்னதும் பாக்கியம் எரிந்து விழுந்தாள்.

"அந்தப் பொம்பளகிட்டயா? அவதானேங்க போன் பண்ணிப் புடிச்சுக் குடுத்தா!"

"மாரிமுத்து மாமாவும் கத்துனாரு" என்றேன்.

வெங்காய வடை கொஞ்சம் சுட்டிருந்தாள். ஒரு தட்டில் வைத்து மூடிக் கையில் கொடுத்தாள்.

பாட் கையுறையோடு பாத்தியில் இருந்தாள். தட்டை வாங்கி மதில் மேல் வைத்தாள். ஷாலினி எல்லாம் சொன்னாள். நான் இல்லை என்று சொன்னது, ஏன் சொன்னது, டைகர், திருநீறு, கோழி வரை. பாட் கேட்டுக்கொண்டே ஒரு வடையைத் தின்றாள். இன்னொன்றையும் தின்றாள்.

"அது யாருடைய நாய் என்று அவர்களுக்குத் தெரியவில்லையா?" என்றாள். "காரில் ஏறுங்கள்."

கால் முழுக்க மண். அந்தச் சப்பாத்தோடேயே ஆபீசுக்குள் நடந்தாள். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இந்த ஆளுடைய நாய் இரண்டு வசந்தமாக என் பாத்தியை நாசம் பண்ணுகிறது. ஒவ்வொரு தரமும் உங்களுக்கு எழுதினேன். இவர் பெயர் போட்டு, வீட்டு இலக்கம் போட்டு எழுதினேன். கவனிக்கிறோம் என்று பதில் போட்டீர்கள். இது இவர் நாய் இல்லை என்று அப்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே!"

கவுண்டர் அம்மா கணினியைத் தட்டிப் பார்த்தார். எல்லா முறைப்பாடும் இருந்தன. எல்லாவற்றிலும் என் பெயர். அவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாயை அவர் கொடுத்ததைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். ஹரால்ட் கயிற்றை இவர் கையில் வைத்தார். ஹரால்ட் அழுதார். இவர் ஓகே என்றார். இவர் அதற்கு மேல் பேசமாட்டார்."

வேறு யாராவது என்னைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

5

நாய்களை வைத்திருக்கும் இடம் ஊருக்கு வெளியே. அங்கே அதே இளம் ஆள், அதே அட்டை, அதே பேனா. எல்லாம் சரி, ஆனால் முன்பு இல்லை என்று சொன்னதால் இப்போது நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

பெஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். மெலிந்திருந்தது. ஓடி வரவில்லை. நடந்து வந்து என் சப்பாத்தின் மேல் உட்கார்ந்தது.

"இது உங்கள் நாயா?"

ஷாலினி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

சின்ன வார்த்தைதான். ஆனால் உத்தியோக உடுப்புப் போட்ட ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து, ஒன்றை என்னுடையது என்று நான் அதுவரை சொன்னதில்லை. காலில் பெஸ்ஸின் சூடு ஏறியது. அப்பாவுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.

"யெஸ் சேர்" என்றேன். "மை டோக்."

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கூண்டுகளில் இருந்த எல்லா நாய்களும் குரைத்தன. அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. மன்னிக்கணும், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார்.

சந்தோசமாகச் சொன்னேன்.

6

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் சாமி தட்டில் இருந்து திருநீறு எடுத்து பெஸ்ஸின் நெற்றியில் மூன்று கோடு போட்டாள்.

"அம்மா, திரும்பவும் பொய் சொல்லப் போறீங்களா?" என்றாள் ஷாலினி.

"பொய்யில்லடி. ஆபீஸ்காரன் கேட்டா ஒங்கப்பா நாய். கேக்காத நேரத்துல சாமி நாய். ரெண்டும் இருக்கட்டும்."

பாட் அந்தக் கோலத்தில் பெஸ்ஸைப் பார்த்துவிட்டு, இனி என் பாத்திப் பக்கம் வந்தால் கடவுள் நாயானாலும் எழுதத்தான் செய்வேன் என்றாள். எழுதுகிறாள். நான் மண்ணைச் சரிசெய்து கொடுக்கிறேன்.

தம்பி ராசு இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறான். போனில் சொன்னேன்.

"நாயி ஒன் பேர்ல பதிஞ்சாச்சாண்ணே? இங்க அப்பா இருந்த காம்பராவே இன்னும் நம்ம பேருக்கு வரல."

"தெரியும்டா."

"வரும்ணே. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"கேளுங்க. சத்தமாக் கேளுங்க" என்றேன்.

சிப்பில் பெயர் மாற்றியது, முதல் ஊசிக்குக் கொண்டுபோனது எல்லாம் ஷாலினி. இன்றைக்கு அவளுக்கு வேலை. இந்த வருட ஊசிக்கு மிருக வைத்தியரிடம் நான் போனேன். நாய், பூனை, கூண்டுக்குள் ஒரு முயல் என்று உட்கார்ந்திருந்த ஆட்கள் நிறைய. ஒரு பெண் கதவைத் திறந்து பெயர் கூப்பிட்டாள்.

"பெஸ் மருதை?"

நான் அசையவில்லை. சரியாகத்தான் கேட்டதா என்று பார்த்தேன். இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள். எனக்கு, பாக்கியத்துக்கு, ஷாலினிக்கு. நாய்க்கும் அதையே போட்டிருக்கிறார்கள். ராசுவிடம் சொன்னால், அப்பன் பேர நாய்க்கு வச்ச மொத ஆளு நீதாண்ணே என்று ஒரு பாட்டம் ஏசுவான். நம் ஊரில் அது ஏச்சுத்தான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. டைகர் காலில் உட்கார்ந்திருக்க, தெரியாதுங்க என்று சொன்னவர் பெயர் அது.

"பெஸ் மருதை" என்று அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள்.

காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கும்போது, மருதை என்றதும் அப்பா கையைத் தூக்குவார். தலைக்கு மேலே, நேராக.

நான் எழுந்து கையை அப்படியே தூக்கினேன்.